தோரை மண்டியிட வைக்க ஒரு கிழவி போதும்

“மார்வெல் படம் என்று நினைத்து வேறு ஏதோ ஒரு தோர் படத்தைப் போட்டுவிட்டேன். தோர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் நின்றுகொண்டு எந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். நார்ஸ் புராணத்தை வைத்துச் சின்ன பட்ஜெட்டில் எடுக்கிற படங்கள் எல்லாமே இப்படித்தானா? உருப்படியாக ஏதாவது உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. நான்கைந்து படங்களைத் தயங்காமல் சொல்லலாம். அதற்கு முன் உங்களிடம் மாட்டிய படத்தைப் பற்றி, சரியாகச் சொன்னால் நீங்கள் மாட்டிக்கொண்ட படத்தைப் பற்றி, கொஞ்சம் பேசிவிடுகிறேன். அது ஏன் அப்படி இருக்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

அதன் பெயர் ‘ஆல்மைட்டி தோர்’. 2011 மே 6 அன்று மார்வெலின் ‘தோர்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. மறுநாள் மே 7 அன்று இது சைஃபை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. தற்செயல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எடுத்தவர்கள் ‘தி அசைலம்’ என்ற அமெரிக்க நிறுவனத்தார். பின்னால் ‘ஷார்க்நேடோ’ எடுத்துச் சுறாமீன்களைச் சூறாவளியில் பறக்கவிட்டவர்களும் இவர்களே. பெரிய ஸ்டுடியோ ஒரு படத்துக்குக் கோடிக்கணக்கில் விளம்பரம் செய்யும்போது, அந்தப் பெயரை ஒட்டிய பெயரில் ஒரு படத்தை மளமளவென்று எடுத்து அதே வாரத்தில் இறக்கிவிடுவது இவர்கள் தொழில். 2005இல் ஸ்பீல்பெர்க் ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ கொண்டுவந்த நேரத்தில் இவர்களும் அதே எச். ஜி. வெல்ஸ் நாவலை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். வீடியோ வாடகைக் கடை நடத்திய பிளாக்பஸ்டர் நிறுவனம் அதில் ஒரு லட்சம் பிரதிகள் கேட்டது. அன்றைக்குப் பிடித்துக்கொண்ட வழி இது.

மார்வெல் படத்தின் செலவு சுமார் 15 கோடி டாலர். அசைலம் படங்கள் வழக்கமாகப் பத்து லட்சம் டாலரைத் தொடுவதில்லை. தோரின் தந்தை ஓடினாக மல்யுத்த வீரர் கெவின் நாஷ், லோகியாக ரிச்சர்ட் கிரீகோ, தோராகக் கோடி டீல். இவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் கொடுத்த வசனத்தைப் பேசிவிட்டுப் போனார்கள்.

இவர்களுக்கு நார்ஸ் புராணம், அதாவது வைக்கிங்குகள் என்ற பழைய வடதேசக் கடலோடிகளின் தெய்வக் கதைகள், ஏன் இவ்வளவு பிடிக்கிறது? காரணம் எளிது: அது யாருக்கும் சொந்தமில்லை. தோரும் ஓடினும் லோகியும் எழுநூறு எண்ணூறு ஆண்டுப் பழைய ஏடுகளில் இருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1962இல் தொடங்கிய மார்வெலின் தோர் காமிக்ஸ் சொந்தமாகச் சேர்த்த அம்சங்களை மட்டும் தொடக்கூடாது. இந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது அசைலத்துக்குத் தெரியும். 2012இல் ‘ஏஜ் ஆஃப் தி ஹாபிட்ஸ்’ என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தார்கள். அப்போது ‘தி ஹாபிட்’ படத்தை வெளியிடவிருந்த வார்னர் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. படம் பெயரை மாற்றிக்கொண்டு வெளிவந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஹாபிட் கதையில் வரும் குள்ளர்களின் பெயர்களையும் காண்டால்ஃப் என்ற பெயரையும் அதை எழுதிய டோல்கீன் எடுத்ததே ‘வோலுஸ்பா’ என்ற பழைய நார்ஸ் பாட்டில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்துதான்.

இன்னொரு வேடிக்கை. மார்வெலில் லோகி தோரின் வளர்ப்புத் தம்பி. மூலத்தில் அப்படி இல்லை. லோகியும் ஓடினும் ரத்தத்தைக் கலந்து சகோதரர்களானவர்கள். முறை பார்த்தால் தோருக்கு லோகி சித்தப்பா மாதிரி. ‘ஆல்மைட்டி தோர்’ படத்திலும் லோகி தோரின் தம்பி இல்லை. ஆக, அந்த ஒரு இடத்தில் ஓட்டைப் படம் மூலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது! படித்துவிட்டுச் செய்தார்களா, வழக்குக்குப் பயந்து செய்தார்களா என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. ஏனென்றால் அதே படத்தில் தோருக்குப் போர்ப் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் பெயர் யார்ன்சாக்ஸா. மூலத்தில் யார்ன்சாக்ஸா ஒரு அரக்கி, தோரின் மகன் மாக்னியைப் பெற்றவள். பெயர் நன்றாக இருக்கிறதே என்று எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிப் படங்களைப் பார்த்தவுடன் “பாவம், காசு இல்லை” என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நார்ஸ் புராணத்தைப் போலக் காசில்லாதவர்களுக்குக் கைகொடுக்கும் புராணம் குறைவு. அதன் நல்ல கதைகளில் பாதி ஒரே கூடத்துக்குள், ஒரே இரவில், பேச்சிலேயே நடந்துமுடிகின்றன. இவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு உலகம் அழிகிற ராக்னராக்கைத்தான் முதலில் தூக்குகிறார்கள். கையில் பத்து ரூபாய் வைத்துக்கொண்டு கல்யாணச் சாப்பாடு போடப் போனால் என்ன ஆகும்?

கதைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஐஸ்லாந்து நூல்கள். இரண்டுக்கும் ‘எட்டா’ என்றே பெயர். (கைக்கு எட்டாத நூல் என்று நினைத்துவிடாதீர்கள், நல்ல மொழிபெயர்ப்புகள் நிறைய இருக்கின்றன.) ஒன்று, ஸ்நோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்து அரசியல்வாதி 1220 வாக்கில் உரைநடையில் எழுதியது. மற்றொன்று பழம்பாடல்களின் தொகுப்பு. அதன் முக்கியமான ஏடு 1270களில் எழுதப்பட்டது. அந்த ஏடு 1662இல் டென்மார்க் அரசருக்குப் பரிசாகப் போய், 1971இல்தான் கப்பலேறி ஐஸ்லாந்துக்குத் திரும்பியது.

ஸ்நோரி சொல்கிற ஊட்கார்ட் பயணக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தோர், லோகி, வேலைக்காரப் பையன் தியால்ஃபி, அவன் தங்கை ரொஸ்க்வா ஆகியோர் அரக்கர் நாட்டுக்குப் போகிறார்கள். இரவில் தங்குவதற்குக் காட்டில் ஒரு பெரிய வீடு கிடைக்கிறது. நடு ராத்திரி நிலம் அதிர்கிறது. பயந்து பக்கத்து அறைக்குள் ஒடுங்குகிறார்கள். விடிந்து பார்த்தால் வெளியே ஒரு பேருருவ அரக்கன் படுத்திருக்கிறான். அதிர்ந்தது அவன் குறட்டை. இவர்கள் தூங்கிய வீடு அவன் கழற்றிப்போட்ட கையுறை. பக்கத்து அறை, அதன் கட்டைவிரல்.

அந்த அரக்கனின் தலையில் தோர் மூன்று முறை சுத்தியலால் அடிக்கிறார். முதல் அடிக்கு அவன் விழித்து “இலை ஏதும் விழுந்ததா?” என்கிறான். இரண்டாவது அடிக்கு “ஏதோ கொட்டை விழுந்த மாதிரி இருந்ததே?” மூன்றாவதற்கு “மரத்தில் பறவை உட்கார்ந்திருக்கிறதோ?” என்று கன்னத்தைத் தடவிக்கொள்கிறான். அப்புறம் ஊட்கார்ட் கோட்டை. அங்கே போட்டிகள். சாப்பாட்டுப் போட்டியில் லோகி கறியை மட்டும் தின்கிறான். எதிராளி கறி, எலும்பு, தொட்டி எல்லாவற்றையும் விழுங்குகிறான். ஓட்டத்தில் தியால்ஃபி தோற்கிறான். தோரிடம் ஒரு கொம்பைக் கொடுத்துக் குடிக்கச் சொல்கிறார்கள்; மூன்று மூச்சு இழுத்தும் கொம்பு காலியாகவில்லை. ஒரு சாம்பல்நிறப் பூனையைத் தூக்கச் சொல்கிறார்கள். ஒரு பாதத்தைத்தான் தரையைவிட்டு எழுப்ப முடிகிறது. கடைசியில், “உனக்கு இவள் போதும்” என்று ஒரு கிழவியை மல்யுத்தத்துக்கு விடுகிறார்கள். அவள் தோரை ஒரு முழங்காலில் மண்டியிட வைக்கிறாள்.

மறுநாள் கோட்டைக்கு வெளியே வந்தபின் அரசன் உண்மையைச் சொல்கிறான். எல்லாம் கண்கட்டு. லோகியோடு தின்றது நெருப்பு. பையனோடு ஓடியது அரசனின் மனம். கொம்பின் மறுமுனை கடலில் இருந்தது. தோர் இழுத்த இழுப்பில் கடலே வற்றியது. பூனை, உலகைச் சுற்றிக் கிடக்கும் மித்கார்ட் பாம்பு. கிழவியின் பெயர் எல்லி, அதாவது முதுமை; அவளிடம் விழாதவர் யாருமில்லை. தோர் ஆத்திரத்தில் சுத்தியலை ஓங்குகிறார். கோட்டையும் இல்லை, அரசனும் இல்லை. வெறும் புல்வெளி.

இப்போது தயாரிப்பாளர் கண்ணால் பாருங்கள். ஒரு கூடம், ஒரு கொம்பு, ஒரு பூனை, ஒரு பாட்டி. உலகத்தைச் சுற்றிக்கிடக்கும் பாம்பைக் காட்டியாகிவிட்டது, ஒரு பைசா கிராபிக்ஸ் இல்லாமல். கடைசிக் காட்சியில் செட்டே காணாமல் போகிறது! இதைவிட மலிவான, இதைவிடப் பிரமாதமான முடிவை எந்தக் கதாசிரியரிடம் காசு கொடுத்து வாங்க முடியும்?

இது ஒன்றுதான் என்றில்லை. தோரின் சுத்தியலைத் திரும் என்ற அரக்கன் திருடிக்கொண்டு, “ஃப்ரேயா தேவியைக் கட்டிக்கொடுத்தால் தருகிறேன்” என்கிறான். தோருக்கே மணப்பெண் வேடம் போட்டு, முக்காடு மூடி, லோகியைத் தோழியாக்கி அனுப்புகிறார்கள். விருந்தில் ‘மணப்பெண்’ ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்று மூன்று பீப்பாய் தேன்மதுவைக் குடிக்கிறாள். “எட்டு ராத்திரியாகச் சாப்பிடவே இல்லை, உங்கள் மேல் அவ்வளவு ஆசை” என்று சமாளிக்கிறான் லோகி. அல்லது ஃபென்ரிர் என்ற ராட்சத ஓநாயைத் தெய்வங்கள் கட்டிய கயிறு: பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகியவற்றைக் கொண்டு திரித்தது. பார்வைக்கு ஒரு பட்டு ரிப்பன். பாத்திரம் சொல்கிற சொல்தான் அந்த ரிப்பனுக்கு எடை கொடுக்கிறது. கடையில் பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம்.

மட்டமான கிராபிக்ஸ் கூட இந்தப் புராணத்துக்குப் புதிதில்லை. ஹ்ருங்நிர் என்ற அரக்கனோடு தோர் மோத வருகிறார் என்றதும் மற்ற அரக்கர்கள் களிமண்ணில் ஒரு பிரம்மாண்டமான ஆளைச் செய்து பக்கத்தில் நிறுத்துகிறார்கள். உள்ளே வைக்க அவ்வளவு பெரிய இதயம் கிடைக்கவில்லை. ஒரு குதிரையின் இதயத்தை எடுத்து வைக்கிறார்கள். தோரைப் பார்த்ததும் அந்தக் களிமண் ராட்சதன் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறான். குறைந்த பட்ஜெட் படத்தில் வரும் ராட்சதர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவன் நினைவுதான்.

உதாரணத்துக்கு, மலிவுப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கர் ரோஜர் கோர்மன் 1957இல் எடுத்த ஒரு படம். தலைப்பே ஒரு மூச்சில் சொல்ல முடியாதது: வைக்கிங் பெண்களும் மகா கடற்பாம்பின் நீர்வெளிக்கு அவர்கள் போன பயணமும். எஃபெக்ட்ஸ் செய்கிறவர்கள் அழகான ஓவியங்களைக் காட்டி அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். அந்த ஓவியத்தில் இருந்ததைக் கோர்மன் கொடுத்த காசுக்கு யாராலும் செய்ய முடியாது. பின்திரையில் ஓடிய பாம்புக்கும் முன்னால் படகில் நின்றவர்களுக்கும் அளவே பொருந்தவில்லை. விளம்பரப் படத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று அதில் கற்றுக்கொண்டதாகக் கோர்மனே பிற்பாடு சொல்லிக்கொண்டார். ரசிகர்களை விளம்பரச் சுவரொட்டியாலேயே வளைத்துப்போட்டவர் அப்படிச் சொன்னது தனிக்கதை.

அதே காலத்தில் இத்தாலியில் மாரியோ பாவா வேறு விதம். கேமராமேனாக இருந்து இயக்குநரானவர். 1961இல் அவர் எடுத்த ‘எரிக் தி காங்கரர்’, ஹாலிவுட்டின் ‘தி வைக்கிங்ஸ்’ ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எடுத்த படம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாடியில் வரைந்த கோட்டை, சிவப்பும் பச்சையுமாக விளக்கு, கொஞ்சம் புகை என்று வைத்துக்கொண்டு அந்த மனிதர் காட்டுகிற வடதேசம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. புராணத்துக்கு அது துளியும் விசுவாசம் இல்லை. ரோமாபுரிக் கோவில் கன்னிகைகளை வைக்கிங் ஊரில் ஆடவிட்டிருக்கிறார். அந்தக் கன்னிகைகளாக வரும் கெஸ்லர் இரட்டையரின் பாத்திரப் பெயர்கள் என்ன தெரியுமா? ராமா, தயா. வைக்கிங் பட்டாளத்துக்கு நடுவே யாரோ “ராமா!” என்று கூப்பிடும்போது நம் காதுக்கு ஒரு மாதிரிதான் இருக்கும்.

இனி, நீங்கள் கேட்ட நல்ல படங்கள்.

முதலில் ‘ட்ரோல் ஹன்டர்’. நார்வே, 2010, இயக்கம் ஆந்த்ரே ஓவ்ரெடால். செலவு சுமார் 1.9 கோடி நார்வே குரோனர், அதாவது மார்வெல் ‘தோர்’ செலவில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. ட்ரோல் என்பது எட்டாவில் வரும் யோட்டுன் அரக்கர்களின் நாட்டார் வழி வாரிசு; படத்திலேயே ஆகப்பெரிய ட்ரோல் வகைக்கு யோட்னர் என்றுதான் பெயர். கதை இதுதான்: கல்லூரி மாணவர்கள் சிலர், கள்ளத்தனமாகக் கரடி சுடுகிறான் என்று சந்தேகப்பட்டு ஹான்ஸ் என்ற ஆளைக் கேமராவோடு பின்தொடர்கிறார்கள். அவன் கரடி சுடுகிறவன் இல்லை. அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ட்ரோல் வேட்டைக்காரன். ஓவர்டைம் கிடையாது, ராத்திரிப் படி கிடையாது. ஒவ்வொரு ட்ரோலைக் கொன்ற பிறகும் ஒரு படிவம் பூர்த்தி செய்து கொடுக்கவேண்டும்.

அந்தப் படிவம்தான் படத்தின் உயிர். ஒரு ராட்சதனை நம்பவைக்கப் பத்து நிமிட கிராபிக்ஸ் செய்யாததை, அலுத்துப்போன ஓர் அரசு ஊழியர் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து படிவம் எழுதுவது செய்துவிடுகிறது. மலைமேல் போகும் உயர் அழுத்த மின்கம்பிகள் ஏன் வட்டமாகப் போகின்றன? அவை ட்ரோல்களை உள்ளே அடைத்துவைக்கும் வேலி. கம்பி நிஜத்தில் அங்கேயே இருக்கிறது. படக்குழு ஒரு வரி வசனம் மட்டும் சேர்த்தது. வெயில் பட்டால் ட்ரோல் ஏன் கல்லாகிறது என்பதற்கு ஒரு கால்நடை மருத்துவர் வைட்டமின் டி, கால்சியம் என்று முகம் மாறாமல் விளக்குகிறார். உச்சமாக, அன்றைய பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பெர்க்கே “ட்ரோல் இருக்கிறது” என்று ஒப்புக்கொள்வது போல ஒரு காட்சி. அது நிஜமான செய்தியாளர் சந்திப்பு. அவர் பேசியது வடகடலில் உள்ள ‘ட்ரோல்’ என்ற எரிவாயு வயலைப் பற்றி. வெட்டி ஒட்டினார்கள், முடிந்தது. பிரதமரையே இலவசமாக நடிக்க வைத்த படம் வேறு ஏதாவது உண்டா!

ட்ரோலுக்குக் கிறிஸ்தவ ரத்தத்தின் வாசனை தெரியும் என்பது பழைய நார்வே நம்பிக்கை. படத்தில் நாத்திகர்கள் மட்டும் வரலாம் என்று ஹான்ஸ் முதலிலேயே சொல்லிவிடுகிறான். ஒரு கட்டத்தில் புதிதாக வந்து சேரும் கேமராப் பெண் முஸ்லிம். “அப்போ நான்?” என்கிறாள். ஹான்ஸுக்கும் தெரியவில்லை. நாட்டார் நம்பிக்கையை இன்றைய ஊருக்குள் இழுத்துவந்தால் இப்படித்தான் கேள்விகள் வரும், வரவேண்டும். இரவுக்காட்சிகளில் கேமரா ஆடுகிற ஆட்டம் சிலருக்குத் தலைசுற்றல் தரும். அதைச் சொல்லிவிட்டேன்.

அடுத்தது ‘தி ஹெட் ஹன்டர்’, 2018, ஜோர்டன் டவுனி. இதன் செலவு 30,000 டாலர். தட்டச்சுப் பிழை இல்லை. நடிகர் என்று சொல்ல கிட்டத்தட்ட ஒரே ஆள், கிறிஸ்டோஃபர் ரிக். நேரடியாக எட்டாக் கதை இல்லை, தோரும் இல்லை. ஆனால் குளிரும் தனிமையும் உறைந்த அந்த வடதேசத்துக் காற்று முழுக்க இருக்கிறது. காட்டுக் குடிசையில் ஒரு போர்வீரன். தூரத்துக் கோட்டையில் ஊதல் கேட்கும். கவசம் மாட்டிக் குதிரையேறிப் போவான். அடுத்த காட்சியில் ரத்தம் சொட்டத் திரும்பி வருவான், சாக்கில் ஒரு தலை. அதைச் சுவரில் அறைவான். காயத்துக்கு ஏதோ ஒரு கூழை எடுத்துப் பூசுவான். அவ்வளவுதான். சண்டையையே காட்டமாட்டார்கள்!

முதல் தடவை ‘அட, ஏமாற்றுகிறார்களே’ என்று தோன்றும். நான்காவது தலை சுவரில் ஏறும்போது, பார்க்காத அந்தச் சண்டைகளை நாமே மனதில் ஓட்டிக்கொண்டிருப்போம். மகளைக் கொன்ற ஒரு மிருகத்தின் தலைக்காக ஒரு முளை காலியாகவே இருக்கிறது. காசெல்லாம் கவசத்துக்கும் அந்தத் தலைகளுக்கும் போயிருக்கிறது, போகவேண்டிய இடமும் அதுவே. கையுறையைக் காட்டி அரக்கனின் அளவைச் சொன்ன ஸ்நோரிக்கு இந்தப் படம் பிடித்திருக்கும்.

‘வல்ஹல்லா ரைசிங்’ (2009) எல்லாருக்குமான படம் இல்லை. நிகோலஸ் விண்டிங் ரெஃப்ன் ஸ்காட்லாந்து மலைகளில் எடுத்தது. மேட்ஸ் மிக்கெல்சன் ஒற்றைக்கண் அடிமையாக வருகிறார், படம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டார். ஓடின் தன் ஒரு கண்ணை மீமிர் என்ற ஞானியின் ஊற்றில் கொடுத்துத்தான் ஞானம் பெற்றார் என்பது தெரிந்தவருக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் பொறி தட்டும். படம் அதைச் சொல்லவே சொல்லாது. பனிமூட்டம், சேறு, படகு, இவ்வளவே செலவு. நான் இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை பாதியில் தூங்கிவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

‘தி ரிச்சுவல்’ (2017) கொஞ்சம் வசதியான படம், ஆனால் புத்தி சின்னப் படத்தினுடையது. நான்கு ஆங்கிலேய நண்பர்கள் ஸ்வீடன் காட்டில் வழி தவறுகிறார்கள் (எடுத்தது ருமேனியாவில்). காட்டில் இருப்பது லோகியின் வழியில் வந்த ஒரு யோட்டுன். கடைசிவரை மரங்களுக்கு நடுவே ஒரு அசைவாகத்தான் அதைக் காட்டுகிறார்கள். முழுதாகத் தெரியும்போது, இதுவரை எந்தப் படத்திலும் பார்க்காத உருவமாக இருக்கிறது. திகில் பிடிக்கும் என்றால் இதிலிருந்தே தொடங்குங்கள்.

‘தாலே’ (2012) நார்வேக்காரர் அலெக்சாண்டர் நோர்டாஸ் எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் தானே செய்த படம். சாவு நடந்த வீடுகளைக் கழுவிச் சுத்தம் செய்கிற இரண்டு பேர், ஒரு நிலவறையில் பேசாத ஒரு பெண்ணைக் கண்டெடுக்கிறார்கள். அவள் ஹுல்ட்ரா, மாட்டுவால் உள்ள வனமோகினி. பெரும்பகுதி அந்த அறைக்குள்தான். கடைசியில் காட்டில் ஓடும் கணினி உருவங்கள் வரும்போது மட்டும் படம் கொஞ்சம் இடறுகிறது. அறைக்குள்ளேயே முடித்திருக்கலாம்.

மலேசியாவிலிருந்தும் ஒரு படம் உண்டு என்றால் நம்புவீர்களா? ‘வைக்கிங்டம்’, 2013, கேஆர்யு ஸ்டுடியோஸ், இயக்கம் யுஸ்ரி அப்துல் ஹலிம். பாட்டுக் குழுவாகப் புகழ்பெற்ற மூன்று சகோதரர்களின் நிறுவனம். சுமார் 1.5 கோடி டாலர் செலவு. மலேசியக் கணக்கில் அது சின்னத் தொகை இல்லை, ஹாலிவுட் கணக்கில் சில்லறை. இதில் தோர்தான் வில்லன், அதுவும் செந்நிற முடியோடு. மூலத்திலும் தோருக்குச் செந்தாடிதான், மார்வெல்தான் பொன்னிறமாக்கியது. அந்த ஒரு விஷயத்துக்காக எழுந்து நின்று கைதட்டினேன். அப்புறம் பைபிளில் வரும் மகதலேனா மரியாளின் கழுத்தணி என்று ஏதோ வந்தது, உட்கார்ந்துவிட்டேன். படம் சுமார்தான். ஆனால் சிரத்தையாகத் தவறு செய்திருக்கிறார்கள். அசைலம் ஆட்களின் அலட்சியம் இதில் இல்லை.

இந்தப் படங்களில் அடிக்கடி கண்ணில் படும் கொம்பு வைத்த தலைக்கவசம் பற்றியும் ஒரு வார்த்தை. வைக்கிங்குகள் போருக்கு அப்படி எதையும் போட்டதற்கு அகழாய்வில் சான்று இல்லை. 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வரைந்த கார்ல் எமில் டோப்ளர் வைத்த கொம்பு அது. நாடகக் கம்பெனிச் சாமான் வாடகைக்கு எளிதாகக் கிடைக்கும் என்பதால் சினிமாவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சுத்தியலும் அப்படித்தான். தோரின் சுத்தியலான மியோல்நிரின் கைப்பிடி குட்டையானது. அதைச் செய்யும்போது லோகி ஈயாக மாறித் துருத்தி ஊதிய குள்ளனின் இமையைக் கடித்துவிட்டதால் வந்த குறை அது. சுத்தியலுக்கு நீளமான காம்பு வைத்த படம் என்றால், எழுதியவர் ஸ்நோரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று நான் முடிவு கட்டிவிடுவேன்.

நான் மேலே புலம்பிய ஊட்கார்ட் கதையை யாரும் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்திருக்கிறார்கள், ஆனால் கார்ட்டூனாக. பீட்டர் மேட்சன் வரைந்த டேனிஷ் காமிக்ஸை வைத்து 1986இல் வந்த ‘வல்ஹல்லா’. சின்னப் படம் என்று சொல்ல முடியாது, டென்மார்க்குக்கு அது பெரிய செலவு. போட்ட பணம் திரும்பவும் இல்லை. ஆனால் தியால்ஃபியும் ரொஸ்க்வாவும் தோர் வீட்டு வேலைக்கு வந்துசேரும் விதம், கோட்டைப் போட்டிகள், எல்லாம் குழந்தைகளுக்குப் புரியும்படி அழகாக இருக்கும். அதே காமிக்ஸை 2019இல் ஃபெனார் அகமத் நடிகர்களை வைத்து எடுத்தார். அது இருட்டாக, இறுக்கமாக இருக்கிறது. குழந்தைகளோடு பார்ப்பதென்றால் 1986 போதும்.

உங்களுக்கு நான் சொல்கிற வரிசை: இந்த வாரம் ‘ட்ரோல் ஹன்டர்’. பிடித்திருந்தால் ‘தி ஹெட் ஹன்டர்’. இரண்டும் பிடித்திருந்தால் விளக்கை அணைத்துவிட்டு ‘தி ரிச்சுவல்’. தேடும்போது பெயரை மட்டும் பார்த்துப் போடாதீர்கள், ஆண்டையும் பாருங்கள். ‘ஹாமர் ஆஃப் தி காட்ஸ்’ என்ற பெயரிலேயே இரண்டு படங்கள் இருக்கின்றன. 2013இல் வந்தது பிரிட்டிஷ் வைக்கிங் கதை, அதில் தெய்வமும் இல்லை மாயமும் இல்லை. 2009இல் வந்தது பல்கேரியாவில் எடுத்த சைஃபை தொலைக்காட்சிப் படம். ‘ஹோம் இம்ப்ரூவ்மென்ட்’ தொடரில் மூத்த பையனாக வந்த ஸாக்கரி டை பிரையன்தான் அதில் தோர். அதைப் போட்டுவிட்டு மறுபடி என்னிடம் வந்து கேட்காதீர்கள்.